முடுக்குக்குள் ஒரு கேமரா

ரியாஸ் அந்தக் கேமராவைத் தனக்காகத்தான் வாங்கினார். தம்மாமில் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கழுத்தில் ஒன்று தொங்கியதைப் பார்த்து ஆசை வந்து, அந்த முறை விடுமுறைக்கு வரும்போது தானும் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். வந்ததும் கடற்கரையை எடுத்தார். மறுநாளும் கடற்கரையைத்தான் எடுத்தார். கடல் அப்படியேதான் இருந்தது. பிறகு மச்சான்மார்களை வரிசையாக நிறுத்தி எடுத்தார். அதில் பாதிப் பேருக்குத் தலை விழவில்லை. அத்தோடு ஆசை அடங்கிவிட்டது. திரும்பப் பெட்டி கட்டும்போது, "இது வேற ஒரு பாரம். இங்கனயே கெடக்கட்டும்" என்று பீரோவின் மேல் வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அவர் மனைவி பாஹிமாவுக்கு அப்போது நாற்பதை எட்டப் போகும் வயது. காயல்பட்டினத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து தங்கிப் போகிறவர். ரியாஸ் தங்குவதைவிடப் போவதுதான் அதிகம். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தெருவில் முக்கால்வாசி மாப்பிள்ளைமார் அப்படித்தான், துபாய், தம்மாம், ஹாங்காங் என்று ஆளுக்கொரு திசையில் இருந்துகொண்டு தினமும் போனில் "சாப்ட்டியா" என்று கேட்கிறவர்கள். ஒரே மகன் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான்; அவன் அதையும் கேட்பதில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது பாஹிமாவும் பாதுஷாவும்.

பாதுஷா அவளுடைய பூனை. அந்த இனிப்பின் நிறம், ஏறக்குறைய அதே வடிவம். பகலெல்லாம் தூங்கும். விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில், அடுத்து எங்கே தூங்கலாம் என்று இடம் தேடும். அப்படித் தேடித்தான் பீரோவின் மேல் ஏறி, கேமராப் பையைப் படுக்கையாக்கி, அதை முழுக்கத் தன் முடியால் போர்த்தி வைத்திருந்தது. பையைத் தட்டித் துடைக்கலாம் என்று பாஹிமா இறக்கினாள். துடைத்தவள் திறந்தாள். திறந்தவள் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். படுக்கை பறிபோன கோபத்தில் எதிரே பாதுஷா உட்கார்ந்து அவளை முறைத்துக்கொண்டிருந்தது. அழுத்திவிட்டாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அவளுக்கு அந்தக் கிறுக்கு.

முதல் படம் மகா மோசம். ஃபிளாஷ் அடித்ததில் பூனையின் கண் இரண்டும் பச்சை பல்பாக எரிந்தன. உடம்பு வெள்ளையாக வெளிறிக் கிடந்தது. "ஜின்னு புடிச்ச மாதிரி இருக்கு" என்று ரியாஸ் போனில் சிரித்தார். "சும்மா அதைத் தொடாத, லென்ஸ்ல கீறல் விழும்" என்றும் சொன்னார். தொடாதே என்றால் தொட்டுப் பார்க்கும் குணத்தில் பாஹிமாவுக்கும் பூனைக்கும் வித்தியாசம் கிடையாது.

யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தாள். சொல்லித் தருகிறவர்கள் பாதி நேரம் தங்கள் சேனலுக்கு மணியடிக்கச் சொன்னார்கள். மீதி நேரத்தில் சொன்னவற்றைப் பொறுக்கிக்கொண்டாள். பூனையை மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகக் கால் சின்னதாகத் தெரியும், அதன் கண் மட்டத்துக்கு நாமும் இறங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். பாஹிமா தரையில் குப்புறப் படுத்தாள். அவள் படுத்ததும் பாதுஷா எழுந்து வந்து அவள் முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டது. ஃபிளாஷை அடக்கிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கக் கற்றாள். பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பாது, அரிவாள்மணையை இழுக்கும் சத்தம் கேட்டால் திரும்பும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அது அவளாகக் கண்டுபிடித்தது. மற்றபடி, கேமராவின் வட்டத் திருகில் பச்சைக் கட்டம் ஒன்று உண்டு. அதில் வைத்துவிட்டால் கணக்கெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். அவள் அதைத் தாண்டி வேறெதையும் திருகியதில்லை.

வீட்டுக்குள் ஒரே ஒரு சோம்பேறிப் பூனையை எத்தனை முறை எடுப்பது? கேமராவோடு பின்வாசலைத் தாண்டி முடுக்குக்குள் இறங்கினாள்.

முடுக்கு என்பது காயல்பட்டினத்துப் பெண்களின் பாதை. வீடுகளின் பின்வாசல்களைக் கோத்துக்கொண்டு தெருவுக்குத் தெரு ஓடும் ஒடுக்கமான சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஆண்கள் அதற்குள் வருவதில்லை. அதனால் அங்கே புர்கா வேண்டாம், தலையில் துணி வேண்டாம். வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படியே நைட்டியோடு நாலு வீடு போய்க் கருவேப்பிலை வாங்கிவரலாம். பகலில் பின்வாசல் கதவை யாரும் அடைப்பதில்லை. ஊரில் உள்ள பூனைகளுக்கும் அதுதான் ராஜபாட்டை.

மதியம் ஹாஜரா பீவி மாமி பின்படியில் உட்கார்ந்து மீன் வெட்டுவாள். அறுபது தாண்டியவள். தனக்குப் பூனையே கிடையாது என்று சாதிப்பாள். அவள் வீட்டு மாவுச்சாக்கின் மேல் மட்டும் மூன்று தூங்கும். அவள் அரிவாள்மணையை இழுத்ததும் முடுக்கிலுள்ள அத்தனை பூனைகளும் கல்யாண வீட்டில் பெரிய சோற்றுத் தட்டான சஹனைச் சுற்றி உட்காருகிற மாதிரி வட்டம் கட்டி உட்கார்ந்துவிடும். பாஹிமா கீழே படுத்து எடுப்பாள்.

"ஏளா, எந்திரி! மீன் தண்ணி ஓடுது, அதுல போயி பொரளுறா" என்று மாமி கத்துவாள். படத்தைக் காட்டினால் மட்டும் கழுவாத கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்து, "அந்தக் கள்ளன் மூஞ்சியப் பாரு" என்று ரசிப்பாள்.

அடுத்த வாசல் ஆமிராவுடையது. பாஹிமாவின் சாச்சி, அதாவது சின்னம்மாவின் மகள். ஐந்தாறு வயது இளையவள். அவள் மாப்பிள்ளை அம்மார் துபாயில். இரண்டு பேரும் ஒரே முடுக்கில் ஓடி விளையாடி வளர்ந்தவர்கள், இப்போது ஒரே முடுக்கில் காத்திருக்கிறவர்கள். சாயங்காலம் அஸர் தொழுததும் ஆமிரா தேயிலை போட்டுக் கொண்டு வருவாள். பாஹிமா கடிக்க ஏதாவது வைத்திருப்பாள். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை பேச்சு நிற்காது. பாஹிமாவின் நாளில் நாள் என்று சொல்லத்தக்கது அந்த ஒரு பொழுதுதான், அது அவளுக்கும் தெரியும்.

ஆமிராவின் பூனை மிளகு, நுனிவால் வரை கறுப்பு. பாஹிமாவின் கேமராவுக்கு அது பெரிய சோதனையாக இருந்தது. நிழலில் எடுத்தால் இரண்டு கண் மாட்டிய கரிமூட்டை. ஜன்னலோரம் எடுத்தால் சாம்பல் நிறத்தில் வேறு யார் வீட்டுப் பூனையோ.

"எல்லாப் பூனையயும் எடுப்பே. எம் மிளகை மிளகா எடுத்துக் காட்டு, அப்பம் ஒத்துக்கிடுதேன்" என்று ஆமிரா சீண்டினாள்.

"எடுக்கலைன்னா என்னன்னு கேளு."

அது ரோஷமாகிவிட்டது. நாள் கணக்கில் மிளகின் பின்னாலேயே திரிந்தாள்.

அந்தச் சந்தில் வெயில் நேராக இறங்குவது உச்சிப்பொழுதில் கொஞ்ச நேரம்தான். ஒரு நாள் அந்த நேரத்தில் பாஹிமா தரையோடு தரையாகக் கிடந்தாள். மேலே மிளகு, இந்தச் சுவரில் இருந்து எதிர்ச்சுவருக்குத் தாவக் குறி பார்த்துக்கொண்டிருந்தது. தாவியது. பாஹிமா விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

படம் விழுந்திருந்தது! நாலு காலும் அந்தரத்தில். வெயில் பட்ட கறுப்பு முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது, மீசைகூட எண்ணலாம். பூனையின் மூக்கில் இருந்து முடுக்கின் கடைசி வரை எல்லாமே துல்லியம்.  இப்படி ஒன்றைத் தன் கையால் செய்ய முடியும் என்று அதுவரை அவள் நினைத்ததில்லை. உள்ளே ஓடி, போனுக்கு மாற்றி, குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். அதில் உள்ளூரில் இருந்து ஹாங்காங் வரை காக்காமார் என்னும் அண்ணன்மார், மச்சான்மார், அவர்கள் மக்கள் என்று பெருங்கூட்டம். "மாஷா அல்லாஹ்" என்று வரிசையாக வந்து விழுந்தது. ரியாஸ்கூட, "நீயா எடுத்தே?" என்று இரண்டு முறை கேட்டார்.

அடுப்படி வேலையாகப் போனவள் திரும்பி வந்தபோது தங்கச்சி முறையுள்ள ஒருத்தி தனியாக ஒரு செய்தி போட்டிருந்தாள்: "ராத்தா, பின்னால நிக்கிறது ஆமிராவா?"

பெரிதாக்கிப் பார்த்தாள். பூனையின் வயிற்றுக்குக் கீழே, முடுக்கின் நடுவில், ஆமிரா நின்றாள். குளித்துவிட்டு வந்து, அந்தக் கொஞ்ச நேர வெயிலில் தலைமுடியை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். இடுப்பு வரை முடி. எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் பல்வரிசை தெரிந்தது. பூனையின் மீசையை எண்ண முடிந்ததைப் போல அவள் காது வளையங்களையும் எண்ண முடிந்தது.

பாஹிமா அவசரமாகக் குரூப்பைத் திறந்தாள். படத்தை அழித்தாள். எல்லோருக்கும் அழிகிற மாதிரிதான் அழித்தாள். ஆனால் அதற்குள் எத்தனை போன்களில் அது தானாக இறங்கி உட்கார்ந்துவிட்டது என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அதை அழிச்சிருங்கோ" என்று கெஞ்சினாள். "எதை?" என்று ஒருவர் கேட்டார். "பூனைப் படம்தான போட்டே, நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் இன்னொருவர். அவருக்கு விளக்கம் சொன்னால், பார்க்காததையும் பெரிதாக்கிப் பார்ப்பார். போனை வைத்துவிட்டாள்.

ஆமிரா சண்டைக்கு வரவில்லை. அன்றைக்கு அஸருக்குப் பிறகு அவள் பின்வாசல் கதவு அடைத்துக் கிடந்தது.

மறுநாளும் அடைத்துக் கிடந்தது. ஆமிராவின் தங்கச்சி வீடு முடுக்கில் மூன்று வாசல் தள்ளி. அங்கே போவதற்கு ஆமிரா புர்காவைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகத் தெருவைச் சுற்றிப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது பாஹிமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. கதவைத் தட்டினாள், உள்ளே மிளகு மட்டும் கத்தியது. அம்மார் ஒரு வார்த்தையும் ஏசவில்லையாம். "நான் மட்டும் பாக்கிறதுன்னு நெனச்சிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். இதுவும் வேறொருத்தி வந்து சொல்லித்தான் தெரிந்தது.

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? பூனையை எடுத்தேன். அவ வந்து நிக்கிறது எனக்குத் தெரியவே தெரியாது மாமி" என்று ஹாஜரா பீவியிடம் முறையிட்டாள். அவளாவது தன் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தாள்.

மாமி மீனை வெட்டுவதை நிறுத்தவில்லை. "நீ வந்தா நீ ஒருத்தி வாரே. அந்தக் கேமரா வந்தா, அதுக்குள்ள எத்தனை ஆம்பளையள் சேந்து வாராஹ? அவ என்னத்தைக் கண்டா? முடுக்குன்னு நெனச்சு நின்னா."

"அப்பம் நான் கேமராவத் தொடவே கூடாதா?"

"நான் அப்படிச் சொல்லலையே" என்றாள் மாமி.  ஒரு மீன் தலையை எடுத்து, தனக்குச் சொந்தமில்லாத பூனை ஒன்றுக்குப் போட்டாள்.

பாஹிமா கேமராவைப் பையில் போட்டுப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அதனால் ஒன்றும் சரியாகிவிடவில்லை. கேமராவும் இல்லை, ஆமிராவும் இல்லை. சாயங்காலம் தேயிலை போட்டால் ஒரு கோப்பை அதிகமாக வந்தது. முடுக்கில் அவள் தலையைக் கண்டால் சில பெண்கள் கையைப் பார்த்தார்கள். கை வெறும் கையாக இருந்தால்தான் பேச்சைத் தொடர்ந்தார்கள். பிறந்ததில் இருந்து திரிந்த இடத்தில் தன்னைக் கண்டு ஒருத்தி தலைத்துணியைத் தேடுவதை அவளால் தாங்க முடியவில்லை. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. பாதுஷாவைப் பிடித்துவைத்துக்கொண்டு அதனிடம் நியாயம் பேசினாள்.

அந்த நாட்களில்தான் தேங்காய் பறிக்கிற செந்தூர்பாண்டி வந்தான். ஹாஜரா பீவி வீட்டுத் தென்னைக்கு முடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். முடுக்கின் வாயிலேயே நின்றுகொண்டு, "ஆளு வாரேன்! ஆளு வாரேன்!" என்று இரண்டு குரல் கொடுத்தான். உள்ளே காலடி வைக்கவில்லை. பெண்கள் அவசரமில்லாமல் பேச்சை முடித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் போனார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. "வரலாம்" என்று மாமி உள்ளிருந்தே பதில் சொன்ன பிறகுதான் அவன் நடந்தான். காய் பறித்துவிட்டு அவன் போனதும் கதவுகள் திறந்துகொண்டன, விட்ட இடத்தில் இருந்து பேச்சு தொடர்ந்தது. அவன் மேல் யாருக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

மின்கணக்கு எடுக்க வருகிறவர், சுண்ணாம்பு அடிக்கிறவர் எல்லாருமே இப்படித்தான். பிறந்ததில் இருந்து பாஹிமா கேட்டு வந்த குரல்தான் அது. அன்றைக்குப் பின்வாசலில் நின்று கேட்டபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெண்தானே என்ற தைரியத்தில், இத்தனை ஆண்களைக் கையில் தூக்கிக்கொண்டு, ஒரு குரல்கூடக் கொடுக்காமல் அவள் உள்ளே போயிருக்கிறாள்.

மறுநாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாள். பழையகாயல் தாண்டி உப்பளங்கள் வரும்வரை, என்ன கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். மகனுக்கு பாஸ்போர்ட் படம் எடுத்த ஸ்டூடியோ ஒன்று அங்கே இருந்தது. நடத்துகிறவள் ஜெஸ்மி, முப்பதுக்குள்தான் இருக்கும். தொட்டில் குழந்தைகளையும் வீட்டு நாய்களையும் எடுப்பதில் கெட்டிக்காரி.

"பூனையை எடுக்கணும். பின்னால நிக்கிற ஆளு படத்துல விழக் கூடாது" என்றாள் பாஹிமா.

"அதுக்கென்னக்கா, எடுத்துக் கொண்டு வாங்க. கம்ப்யூட்டர்ல அழிச்சிருவோம். கல்யாண ஆல்பத்துல நான் எத்தனை பேரை அழிச்சிருக்கேன் தெரியுமா? சண்டை போட்டுட்டுப் போன சித்தப்பாமாரெல்லாம் காணாமப் போயிருக்காவ."

பாஹிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "அழிக்கதுக்கு நீங்க பாக்கணும்லா? நீங்களும் பாக்கக் கூடாது. எடுக்கும்போதே விழக் கூடாது."

 ஜெஸ்மி கேமராவை வாங்கி வட்டத் திருகைப் பார்த்தாள். "மொதல்ல இந்தப் பச்சைக் கட்டத்துல இருந்து வெளிய வாங்க."

லென்ஸுக்குள் ஒரு துவாரம் இருக்கிறது, அதைப் பெரிதாகத் திறந்தால் எதை நோக்கிப் பிடிக்கிறோமோ அது மட்டும் தெளிவாக விழும், பின்னால் இருப்பது கலங்கிவிடும் என்று ஜெஸ்மி காட்டினாள். துவாரத்தைச் சுருக்கினால் கிட்டே இருப்பதும் தெளிவு, எட்டத்தில் இருப்பதும் தெளிவு. "பச்சைக் கட்டத்துல விட்டீங்கன்னா அதுவா முடிவு பண்ணும். உச்சி வெயில்னா சுருக்கிரும்."

உச்சி வெயிலில்தான் ஆமிரா தலை உலர்த்தினாள்.  ஜெஸ்மி பயன்படுத்தி ஓய்ந்த பழைய லென்ஸ் ஒன்றையும் பாஹிமா வாங்கிக்கொண்டாள்; அதில் படத்தைக் கிட்டே இழுக்கவும் முடியாது, எட்டத் தள்ளவும் முடியாது, ஆனால் துவாரம் நன்றாகத் திறக்கும். ஸ்டூடியோவில் இருந்த துணி பொம்மையை மேசையில் வைத்து, பின்னால் ஜெஸ்மியை நிற்க வைத்து, ஜெஸ்மி முழுக்கக் கரைந்து போகும்வரை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அடுத்த நாள் முடுக்கின் வாயில் போய் நின்றாள். தன் வீட்டுப் பின்வாசலில் இருந்து இறங்காமல், தெருவைச் சுற்றி வந்து, செந்தூர்பாண்டி நின்ற இடத்திலேயே நின்றாள்.  பெண் ஒருத்தி அந்த இடத்தில் நின்று அப்படிக் குரல் கொடுப்பது ஊர் அறிந்து வழக்கம் கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேமரா வருது! கேமரா வருது!" என்றாள்.

 எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "இது என்னளா கூத்து?" என்று ஹாஜரா பீவியின் குரல் கேட்டது. ஆனாலும் கதவுகள் சாத்திக்கொண்டன. "வரலாம்" என்று மாமி பதில் சொன்னாள்.

ஆளில்லாத முடுக்கில் படுத்து, பாஹிமா பூனைகளை எடுத்தாள். முதலில் எல்லாம் சொதப்பியது. பூனையின் மூக்கு தெளிவாக விழுந்தால் கண் கலங்கியது, கண்ணைப் பிடித்தால் அதற்குள் பூனை எழுந்து போனது. எடுத்து முடித்ததும் கதவு கதவாகப் போய்க் காட்டினாள். "இதுல யாரும் இருக்கீங்களான்னு பாருங்கோ. பாத்துட்டு நீங்க சொன்னாத்தான் இது முடுக்கைத் தாண்டும்." கிண்டல் செய்தார்கள். செய்தாலும் ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பார்த்தார்கள். நாளாக ஆக, அவள் குரல் கொடுத்தால் கதவைச் சாத்துவதற்குப் பதில் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார ஆரம்பித்தார்கள். மாமி மீன் வெட்டுவதை நிறுத்துவதே இல்லை.

ஆமிராவின் கதவு மட்டும் அசையவில்லை. பாஹிமா தினமும் அந்தக் கதவை ஒட்டித்தான் நடந்தாள்.  ஊரே திறந்தாலும் அந்த ஒரு கதவு திறக்காவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆனாலும் தட்டவில்லை.

மிளகுக்கு இந்தச் சண்டை சச்சரவு எதுவும் தெரியாது. கதவின் அடிச்சந்து வழியாக வெளியே வந்துவிடும். வந்து பாஹிமாவின் முன்னாலேயே உட்கார்ந்து, வேண்டுமென்றே செய்கிற மாதிரி, வெயிலில் காலை நீட்டி நக்கிக்கொள்ளும். அந்தக் கறுப்பில் வெயில் வழிவதைப் பார்க்கப் பாஹிமாவுக்குக் கை துறுதுறுக்கும். இப்போது அவளுக்கு அதை எடுக்கத் தெரியும். மிளகை மிளகாகவே எடுக்கத் தெரியும். ஆனால் மிளகு வரும்போதெல்லாம் கேமராவைக் கீழே வைத்துவிடுவாள். அது போகும்வரை எடுக்க மாட்டாள்.

ஒரு நாள் அப்படி வைத்துவிட்டுக் குப்புறக் கிடந்தபோது, தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பாஹிமா நிமிரவில்லை. நிமிர்ந்தால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளுமோ என்று பயம்.

"மிளகை மட்டும் ஏன் எடுக்க மாட்டேங்கே?" என்றது ஆமிராவின் குரல். எத்தனை நாளாக அந்தச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"ஒன்ட்ட கேக்காம எப்படி எடுக்க?"

ஆமிரா கதவை முழுதாகத் திறந்தாள். தலையை இறுக்க மூடிக்கொண்டு வெளியே வந்தாள். குனிந்து கேமராவைக் கையில் எடுத்தாள். "எதை அமுக்கணும்?"

"மேல உள்ள அந்தப் பொத்தான். பாதி அமுக்கி, பூனை கண்ணுல வச்சிட்டு, பெறகு முழுசா அமுக்கு."

"நீ எந்திரிக்காத. அங்கனயே கெட."

பாஹிமா கிடந்தாள். முந்தின நாள் போட்ட பச்சை நைட்டி, கையெல்லாம் மண், தலை அவிழ்ந்து தோளில் கிடந்தது. அவளுக்கும் கேமராவுக்கும் நடுவில் மிளகு உட்கார்ந்திருந்தது. ஆமிரா அவளைப் போலவே தரையில் இறங்கி, கண்ணை வைத்தாள். கறுப்புக் கண்ணாடி வட்டம் நேராகப் பாஹிமாவைப் பார்த்தது. தன்னை அறியாமல் பாஹிமாவின் கை தலைத்துணியைத் தேடியது, துணி இல்லை. கூச்சத்தில் உடம்பு சுருங்கியது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. ஆமிரா அழுத்தினாள்.

"இதை குரூப்ல போடட்டா?" என்றாள் ஆமிரா. குரலில் விளையாட்டு இல்லை.

 "போடு" என்று பாஹிமா சொல்லியிருக்க வேண்டும், அதுதான் நியாயம். அவளால் சொல்ல முடியவில்லை.

ஆமிரா படத்தைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "ராத்தா, நீ எங்க?"

எட்டிப் பார்த்தாள். மிளகு இருந்தது, ஒவ்வொரு முடியும், மஞ்சள் கண்ணும், கண்ணுக்குள் சின்னதாக வானமும் தெரிந்தன. அதற்குப் பின்னால் பச்சையாக ஏதோ கலங்கிக் கிடந்தது. "அந்தப் பச்சைதான் நான்."

ஆமிரா நம்பவில்லை. பெரிதாக்கும் பொத்தானைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். எங்கேயோ ஹாங்காங்கில், துபாயில் ஒருவர் விரலால் இழுத்துப் பெரிதாக்கியிருக்கக் கூடிய மாதிரி, விடாமல் பெரிதாக்கிக்கொண்டே போனாள். பெரிதாக்கப் பெரிதாக்கப் பச்சைதான் பெரிதானது. கண் இல்லை, முடி இல்லை, சிரிப்பா அழுகையா என்றுகூடத் தெரியவில்லை. 

"இது அன்னைக்கு ஒனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் ஆமிரா.

"அது தெரியாதது இல்லளா தப்பு" என்றாள் பாஹிமா. எத்தனையோ நாளாகத் தேடிய வார்த்தை அப்போதுதான் வாய்க்கு வந்தது. "பூனையப் பாத்தேன், மீசையப் பாத்தேன். ஒன்னயப் பாக்கலை. அனுப்புறதுக்கு மொதல்ல ஒரு தரம் ஒன்னயத் தேடிப் பாத்திருக்கணும். அதுதான் தப்பு."

ஆமிரா தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாஹிமாவுக்கும் அழுகை வந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் கையெல்லாம் மண். அந்த மண்ணோடேயே துடைத்து முகமெல்லாம் பூசிக்கொண்டாள். ஹாஜரா பீவி தன் படியில் இருந்து இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவள் போல மீனை மட்டும் இன்னும் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆமிரா எழுந்து மிளகைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கேமராவின் வாரைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு, வாசல்படி ஏறினாள். பாஹிமா இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிடாமல் போக அவளுக்குக் கால் வரவில்லை.

"வெளிய இருந்து எடுத்தா இதுக்கு வெக்கம்" என்றாள் ஆமிரா, படியில் திரும்பி நின்று. "உள்ளதான் நல்லா விளையாடும். வந்து எடு. தேயிலை போடுதேன்."